கணக்கு சிஸ்டர்

“ஏழு, எட்டு, ஒன்பது. பலகையில எட்டுப் பேருன்னு போட்டிருக்கு. யாராவது ஒருத்தர் எறங்குங்க.”

காலை ஏழு ஐம்பது. எட்டு மணிப் பணிக்கு ஓடும் கூட்டம். லிஃப்டுக்குள் யாரும் அசையவில்லை. கணக்கு சிஸ்டரும் அசையவில்லை. கதவு மூடிவிடாமல் ஒரு காலை வாசலில் நீட்டிக்கொண்டு நிற்கிறார். பின்வரிசையிலிருந்து ஒருவர், “எல்லாரும் ஒல்லியாத்தானே இருக்கோம் சிஸ்டர், போயிடும்” என்கிறார். “பலகையில ஒல்லின்னு போடல, எட்டுன்னுதான் போட்டிருக்கு.” கதவு வந்து அவர் காலில் இடித்துத் திரும்புகிறது. மறுபடி வந்து இடிக்கிறது. மூன்றாவது தடவை இடித்தபோது பொறுக்கமாட்டாமல் இறங்கியவள் நான். மூன்று மாடி ஏறி, நெஞ்சு அடித்துக்கொள்ள என் மேசைக்கு வந்து சேர்ந்தால், எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, “அறுபத்தாறு படி. எண்ணினியா?” என்று கேட்கிறார்.

இப்படிப்பட்டவரோடு பதினொரு வருடம் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் எங்கள் மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் பிரசவம் பார்க்கும் செவிலி. இருபத்தேழு வருடப் பணி. நான் அதே பிரிவின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் எழுத்தர். யாருக்கு எந்த அறை, எந்தக் குழந்தை எத்தனை மணிக்குப் பிறந்தது, எந்தத் தாய் எப்போது வார்டுக்குப் போனாள் என்று எழுதுவது என் வேலை. கணக்கு சிஸ்டரோடு சண்டை போடுவதும் என் வேலைதான், அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. என்னை அவர் ‘மேசையம்மா’ என்பார். அவரை நாங்கள் முகத்துக்கு நேராகவே ‘கணக்கு சிஸ்டர்’ என்போம். கோபித்துக்கொள்ள மாட்டார். “கணக்கு தெரியாத சிஸ்டர்னு சொல்லிப் பாருங்க, அப்ப இருக்கு உங்களுக்கு” என்பார்.

ஆள் குட்டை. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது எப்போதோ உடைந்து, வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றிய நிலையிலேயே ஏழெட்டு வருடமாக உழைக்கிறது. பேனாவை நூலில் கட்டி, நூலின் மறுமுனையைச் சட்டைப்பையோடு சேர்த்துத் தைத்திருக்கிறார். அந்தப் பேனாவை யாராவது இரவல் கேட்டால் அவரும் கூடவே வருவார். நடக்கும்போது செருப்புச் சத்தமே கேட்காது. அவர் நம் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்பதே, காதுக்குப் பக்கத்தில் “மூணு” என்று குரல் கேட்ட பிறகுதான் தெரியும். என்ன மூன்று என்று திரும்பிப் பார்த்தால், என் மேசையில் கழுவாமல் கிடக்கும் டீக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டீ நேரத்தில் அவர் இருந்தால் பிஸ்கட் பாக்கெட்டை நிம்மதியாகப் பிரிக்க முடியாது. பன்னிரண்டு இருக்க வேண்டிய பாக்கெட்டில் பதினொன்று இருந்தது என்று ஒருமுறை கீழே கடைவரை போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அது நான் வாங்கிய பாக்கெட். பதினொன்றையும் நாங்கள் சந்தோஷமாகத் தின்றிருப்போம். அன்றைக்கு எல்லோரும் வெறும் டீ குடித்தோம்.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். சுவரில் வரிசையாக ஆறு ஆணி, ஆறிலும் ஆறு சாவி. குளியலறை வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு, நான்கும் ஒரே திசை பார்த்தபடி. அவர் கணவர் தையல்காரர், சிரித்த முகம். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எங்க வீட்டுல எண்ணாம நடக்கறது ரெண்டே விஷயம். ஒண்ணு கொழம்புக்கு உப்பு போடறது. இன்னொண்ணு நான் திட்டு வாங்கறது.” உள்ளே சமையலறையிலிருந்து, “மூணு. வாயி மூடாம பேசறத விட்டுட்டீங்க” என்று பதில் வந்தது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் பிரிவில் பல கதைகள் உண்டு. பயிற்சிக் காலத்தில் யாருடைய வயிற்றிலோ துணியை மறந்து வைத்துவிட்டார், அந்தப் பெண் செத்துப்போனாள் என்று ஒரு கதை. இல்லை, அந்தப் பெண் அவருடைய சொந்த அக்காதான் என்று இன்னொரு கதை. ஒருநாள் நேராகக் கேட்டேவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஒண்ணும் நடக்கல” என்றார்.

“ஒண்ணும் நடக்காமயா இப்படி எண்ணிக்கிட்டுக் கெடக்கறீங்க?”

“எண்ணினதாலதாண்டி ஒண்ணும் நடக்கல.”



பிரசவ அறையில் அவர் எண்ணுவது சல்லாத் துணி. இரத்தத்தை ஒற்றி எடுப்பதற்காக உள்ளங்கை அளவுக்கு மடித்த வெள்ளைத் துணி. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீல நூல் ஓடும். தப்பித் தவறி உடம்புக்குள் தங்கிவிட்டாலும் எக்ஸ்ரேயில் அந்த நூல் தெரியும். பாக்கெட்டுக்கு ஐந்து. பிரிக்கும்போது ஒருமுறை, எல்லாம் முடிந்த பிறகு ஒருமுறை, இரண்டு பேராகச் சேர்ந்து எண்ண வேண்டும் என்பது பொதுவான விதி. எல்லாச் செவிலிகளும் எண்ணத்தான் செய்கிறார்கள். மற்றவர்கள் எண்ணும்போது அது நமக்குக் காதில்கூட விழாது. இவர் எண்ணினால் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள்கூட எழுந்து நிற்பார்கள். கறை படிந்த துணிகளைப் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் வரிசைக்கு ஐந்தாகப் பரப்பி, சுருக்கம் நீவி, ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்து, “ஒண்ணு... ரெண்டு...” என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலச் சொல்வார்.

அப்புறம் குழந்தைக்கு வருவார். அங்கேயும் எண்ணிக்கைதான். கை விரல் பத்து, கால் விரல் பத்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டு, தாய்க்குக் கேட்கும்படி எண்ணிவிட்டு, “இருபது. சரியா இருக்கு. இந்தா, புடி” என்று நெஞ்சில் போடுவார். அந்த ‘இருபது’க்காக ஆறு மாதம் கழித்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். எரிச்சலில் நல்லதை மறைக்கக் கூடாது.

எங்கள் பிரிவில் பிரசவ அறைகள் நான்கே நான்கு. வலியோடு வரும் பெண்களுக்கோ கணக்கே கிடையாது. குழந்தை பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் தாயை வார்டுக்கு மாற்றி அறையைக் காலி செய்ய வேண்டும் என்று கண்காணிப்பாளர் சுற்றறிக்கை விட்டார். தாமதமானால் என் மேசையில் இருக்கும் தாமதப் பதிவேட்டில் காரணமும் காரணமானவர் பெயரும் ஏற வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று முறை பெயர் ஏறினால் அவர் பிரசவப் பிரிவை விட்டுக் கீழே ஊசி போடும் அறைக்குப் போக வேண்டியதுதான். யாரை நினைத்து இந்த விதி எழுதப்பட்டது என்பது துடைக்கிற ஆயா வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதம் பத்தாம் தேதிக்குள்ளேயே கணக்கு சிஸ்டர் பெயர் இரண்டு முறை ஏறிவிட்டது. ஒருமுறை கத்தரிக்கோல் ஒன்று குறைந்தது, அது அழுக்குத் துணிக் கூடையில் இருந்தது. இன்னொரு முறை ஒன்றுமே குறையவில்லை. திரும்ப ஒருதரம் எண்ணிப் பார்க்க வேண்டும்போல இருந்ததாம்.

பதினாலாம் தேதி என் தங்கைக்கு வலி எடுத்தது.

தலைப்பிரசவம். தங்கையையும் அவள் கணவரையும் நான்தான் கையோடு அழைத்து வந்தேன். மூன்றாம் அறையைக் கொடுத்தேன். அந்த நேரத்துக்கு யார் பணியில் இருந்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? மனசுக்குள் ஒரு பக்கம், ‘ஐயோ, இவரா’ என்று இருந்தது. இன்னொரு பக்கம், ‘நல்லவேளை, இவர்’ என்று இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது.

தங்கை கணவர் உள்ளே கூட இருந்தார். நல்ல பிள்ளை, ஆனால் கொஞ்சம் பயந்த சுபாவம். பதினொன்றரைக்கு உள்ளேயிருந்து சிஸ்டரின் குரல் கேட்டது. “மூச்ச இழு. ஒண்ணு, ரெண்டு, மூணு. விடு. விடுன்னா விடணும் கண்ணு, சேத்து வெச்சுக்கக் கூடாது.” பதினொன்று நாற்பதுக்குக் குழந்தையின் அழுகை. கொஞ்ச நேரத்தில், “இருபது. சரியா இருக்கு. இந்தா, புடி.” பெண் குழந்தை என்று பதிவேட்டில் எழுதும்போது எழுத்தெல்லாம் கோணல்மாணலாக விழுந்தது. தங்கை கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, “அக்கா, நான் பெரியப்பா ஆயிட்டேன்” என்றார். “அப்பா” என்று திருத்தினேன். “ஆமா, அப்பா” என்று சொல்லிவிட்டு, தன் அம்மாவை அழைத்து வரப் படியிறங்கி ஓடினார். டாக்டரம்மா தையல் போட்டு முடித்தார். பன்னிரண்டரை மணி.

“பதினாலு” என்று உள்ளே குரல் கேட்டது.

பிரித்தது மூன்று பாக்கெட் என்று எனக்கே தெரியும், நூலில் கட்டிய பேனாவால் வாசல் பலகையில் பதினைந்து என்று எழுதியிருந்தார்.

பாதி திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன். முதலில் அழுக்குக் கூடையைக் கவிழ்த்தார். பிறகு குப்பைத் தொட்டி. பிறகு கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டு, டார்ச்சு அடித்துப் பார்த்தார். ஆயாவைச் செருப்பைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னார். டாக்டரம்மாவையும் காட்டச் சொன்னார், அவரும் காட்டினார். வெளியே வந்து என் மேசைக்குக் கீழே இருந்த காகிதக் கூடையைக் கவிழ்த்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

“என் கூடைக்கு எப்படி சிஸ்டர் வரும்? துணிக்குக் கால் முளைச்சு நடந்தா வரும்?”

“காலத் தூக்கு.”

தூக்கினேன். வேறு என்ன செய்வது? என் செருப்படியில் பழைய பிளாஸ்திரித் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதையும் உரித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மா இளம் வயது. அன்றைக்கு அவர் பார்த்த ஐந்தாவது பிரசவம் அது. “சிஸ்டர், பாக்கெட்டுலயே ஒண்ணு கொறைச்சலா வந்திருக்கும்” என்றார்.

“நான் பிரிக்கும்போது எண்ணினேன் டாக்டர். நீங்களும் பதினஞ்சுன்னு சொன்னீங்க.”

“நீங்க சொன்னீங்க, அதனால நானும் சொன்னேன்.”

“அப்ப இனிமே எண்ணிட்டுச் சொல்லுங்க.”

டாக்டரம்மாவின் முகம் சிவந்துபோனது. புதிய கையுறை மாட்டிக்கொண்டு, உள்ளே ஏதாவது தங்கியிருக்கிறதா என்று தங்கையை மறுபடியும் சோதித்தார். போட்ட தையல் இன்னும் காயவில்லை. தங்கை போட்ட சத்தத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அப்போது மணி ஒன்று பத்து. வராந்தா பெஞ்சில் வேறொரு பெண், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்து, தன் அம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு அறையும் நிரம்பியிருந்தது. அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

“கைக்கு ஒண்ணும் தட்டுப்படல” என்றார் டாக்டரம்மா. “வார்டுக்கு அனுப்பிடலாம்.”

“எக்ஸ்ரே எடுத்துட்டு அனுப்பலாம்.”

“சிஸ்டர்!”

“கைக்குத் தட்டுப்படலேன்னா இல்லைன்னு அர்த்தமா டாக்டர்? எனக்கு இன்னும் ஒண்ணு கொறையுது.”

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தங்கை முகம் வெளுத்து, குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். விரிப்பின்மேல் பதினாலு துணிகள். கடைசி வரிசையில் ஐந்தாவது இடம் காலி. அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“போதும் சிஸ்டர். டாக்டரே இல்லைங்கறாங்க. இவ என் தங்கச்சி. உங்கள கெஞ்சிக் கேட்டுக்கறேன், விட்டுடுங்க.”

“உன் தங்கச்சிங்கறதால ஒண்ணக் கொறச்சுக்கவா?”

“ஒண்ணு நாப்பதுக்கு ரெண்டு மணி நேரம் முடிஞ்சிடும். இந்த மாசம் இன்னொரு தடவ உங்க பேரு ஏறினா ஊசி ரூமுதான். தெரியுமில்ல?”

“தெரியும். ரெண்டு ஏறியிருக்கு, இது மூணு. எனக்கா எண்ணத் தெரியாது?”

வாசலில் துடைப்பத்தோடு நின்ற ஆயா, “தான் புடிச்ச மொயலுக்கு மூணே காலுன்னு நிக்கறாங்களே” என்று முணுமுணுத்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், “மூணுன்னா நாலாவது எங்கன்னு தேடணும்” என்றார் சிஸ்டர். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அப்போதுதான் தங்கை கேட்டாள். “அக்கா, எனக்குள்ள துணி இருக்கா?”

‘இல்லடி’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சிஸ்டர் கட்டில் பக்கத்தில் குனிந்து, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். “இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல கண்ணு. தெரியாம உன்ன அனுப்ப மாட்டேன். அனுப்பினா, பத்து நாள் கழிச்சுக் காய்ச்சலோட திரும்பி வருவ. அப்ப நான் எண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல.”

பெற்ற வயிற்றோடு கிடப்பவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் தங்கை தலையை ஆட்டினாள். நான் சொல்லவிருந்த பொய்யைவிட அது அவளுக்குத் தெம்பாக இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் முதலில் வந்தது.

எக்ஸ்ரேக்குச் சொல்லி அனுப்பினேன். தள்ளுவண்டிக்காரர் வரப் பதினைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். ஒன்று நாற்பதுக்குத் தங்கை கணவர் தன் அம்மாவோடு படியேறி வந்தார். ஒரு கையில் ஃபிளாஸ்க்கு, ஒரு கையில் துணிப்பை, முகமெல்லாம் சிரிப்பு. நடந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “எக்ஸ்ரே எடுக்கணுமாம் தம்பி, பயப்படாதீங்க” என்று சொன்னேன். பயப்படாதீர்கள் என்று சொன்னால் எந்த மனிதன் பயப்படாமல் இருந்திருக்கிறான்? ஃபிளாஸ்க்கை என் மேசைமேல் வைத்தார். உதடு துடித்தது. அவருடைய அம்மா, “என்னடா இது, பொம்பளப் புள்ள மாதிரி” என்று தோளில் தட்டினார். அவர் சட்டைப்பையில் கைவிட்டு, கசங்கிய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

துணியின் நடுவில் நீல நூல் ஓடியது.



“தம்பி, அது என்ன?”

“இதுவா? சிஸ்டர் குடுத்தாங்க.”

“எந்த சிஸ்டர்?”

“நம்ம சிஸ்டர்தான். பாப்பா தல தெரிஞ்சப்ப எனக்கு அழுக வந்துடுச்சுக்கா. ‘இங்க நின்னு மூக்க உறிஞ்சாதீங்க, அவ மூச்சு எனக்குக் கேக்கணும், தொடைங்க’ன்னு திட்டிட்டு இத எடுத்துக் கையில திணிச்சாங்க.” சுற்றிலும் எங்கள் முகங்களைப் பார்த்தார். “ஏன்க்கா? திருப்பித் தரணுமா?”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேட்டிருக்கிறேன். வெண்ணெயை ஊரான் பையில் போட்டுவிட்டு, என் செருப்பை உரித்துப் பார்த்த கதையை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு மணி நேரம்! என் தங்கை பட்ட பாடு, வராந்தாவில் அந்தப் பெண் பட்ட பாடு, டாக்டரம்மா பட்ட அவமானம், எல்லாம் ஒன்றாகத் தலைக்கு ஏறியது. அந்தத் துணியை ஒரு காகிதத்தில் வாங்கிக்கொண்டு கதவை உதைக்காத குறையாகத் திறந்தேன்.

“இந்தாங்க உங்க பதினஞ்சு!”

சிஸ்டர் பார்த்தார். துணியைப் பார்த்தார், என் பின்னால் துணிப்பையோடு எட்டிப் பார்த்த தங்கை கணவரைப் பார்த்தார். முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏதேதோ வந்து போயிற்று. கைகள் இரண்டும் அப்படியே தொங்கின. பதினொரு வருடத்தில் அவர் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

“நான்தான் குடுத்தேன்” என்றார் மெதுவாக. “ஆமா. நான்தான்.”

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு நீளமாக மூச்சு விட்டார், அவ்வளவுதான். “சரி விடுங்க சிஸ்டர். எக்ஸ்ரே வேணாம், வார்டுக்குப் போகட்டும்” என்றார். ஆயா, “ஆனைக்கும் அடி சறுக்கும்” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். தங்கை கட்டிலில் கிடந்தபடியே சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், “என் வீட்டுக்காரர் மூக்குலயா இருந்துச்சு?” என்றாள். தையல் இழுத்தது, “ஆ” என்று முகம் சுளித்தாள்.

சிஸ்டர் என்னோடு மேசைக்கு வந்தார். மணி ஒன்று ஐம்பத்தைந்து. தாமதப் பதிவேட்டை நான் பாதிதான் திறந்தேன். கோபமெல்லாம் வராந்தாவைக் கடக்கும் ஆறு எட்டுக்குள் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்த மனுஷி கீழே ஊசி அறையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்குக் கையை நீட்டு, கையை மடக்கு என்று சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். அங்கே எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

“அழுக்குக் கூடையில கெடந்துச்சுன்னு எழுதிடறேன் சிஸ்டர்” என்றேன். “கூடைன்னா ஆயா, நீங்க, டாக்டர், யாரு வேணும்னாலும்... ஒருத்தர் பேரும் போட வேண்டியதில்ல.”

“அந்தக் கூடைய நான் ரெண்டு தடவ கொட்டிப் பாத்தேன். அதுல இருந்துச்சுன்னா எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு ஆயிடும்.”

“வெளையாடாதீங்க.”

“நான் எங்கடி வெளையாடறேன்? எழுது. துணிய எடுத்து நான் ஒரு ஆளுகிட்டக் குடுத்தேன், குடுத்தத மறந்தேன்.”

“நான் எழுத மாட்டேன்.”

“எழுத மாட்டியா?”

“மாட்டேன். என் தங்கச்சி பிரசவம். என் கையால உங்க பேர எழுத மாட்டேன்.”

“பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் நீ வேல செய்யமாட்டேங்கற” என்றபடி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவின் நூல் குட்டை. சட்டைப்பையோடு தைத்த நூல். அதனால் என் மேசைமேல் ஏறக்குறைய நெஞ்சு படும்படி குனிந்துதான் அவரால் எழுத முடிந்தது. கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரு வரி எழுதினார். பெயர் என்ற இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி எழுதினார். வராந்தாவில் வலியோடு இருந்த பெண் தலையைத் தூக்கி, “மூணாம் ரூமு காலியாகுதா?” என்று கேட்டாள். “ஆகுதும்மா, இதோ” என்றேன்.

தள்ளுவண்டிக்காரர் வந்துவிட்டார். எக்ஸ்ரே இல்லை, வார்டுக்கு என்றதும், “அப்பாடா, ஒரே மாடிதான்” என்றார். தங்கையைக் கட்டிலிலிருந்து வண்டிக்கு மாற்றினோம். தங்கை கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டார். வண்டிக்காரர் குனிந்து பிரேக்கை விடுவித்தார், நான் கதவை அகலத் திறந்து பிடித்தேன்.

மறுபடி விரிப்பின் முன்னால் போய் நின்ற கணக்கு சிஸ்டர், திரும்பிப் பார்க்காமலே இடது கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினார். மூக்குச் சிந்திய அந்தத் துணியைக் கடைசி வரிசையின் காலி இடத்தில் வைத்து, சுருக்கத்தை நீவிவிட்டார். பிறகு முதல் வரிசையின் முதல் துணிக்குப் போய், அதன்மேல் விரலை வைத்தார்.

“ஒண்ணு.”